கிடங்கில் சேமி

லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் வேலை செய்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, பொத்தான் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். பேராசிரியர்கள் ஒரு தடவை அமுக்கிவிட்டு நிற்பார்கள். மாணவர்கள் லிஃப்ட் வருகிறவரைக்கும் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

விசாரணைக் குழுவில் இருக்கிற நீங்கள் யாரும் என் அறைக்கு வந்ததில்லை. நூலகத்தின் தரைத்தளம், ஜன்னல் இல்லாத அறை. முன்பு அங்கே ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. அதை எடுத்துவிட்டு என்னை வைத்தார்கள். புதிதாகச் சேருகிற மாணவர்கள் எல்லாரும் என் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். இணையத்தில் கிடைப்பதை எப்படி நம்புவது, எப்படி நம்பாமல் இருப்பது, எடுத்தால் எப்படிச் சொல்லிவிட்டு எடுப்பது, இவ்வளவுதான் பாடம். கூடவே ஆய்வேடுகளைச் சரிபார்க்கிற மென்பொருளும் என் பொறுப்பு.

நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரச் சொன்னீர்கள். ஒரு மாணவிக்கு நிறுத்திவைத்த பட்டம் கிடைக்குமா கிடைக்காதா என்பது நான் எழுதுவதில்தான் இருக்கிறது என்றும் தலைவர் சொன்னார். எனக்கும் அதில் வருத்தம்தான். அவள் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருவாள். நான் அவளுக்கு முன்வரிசை என்று பெயர் வைத்திருந்தேன்.

என் வகுப்பு நன்றாக இருக்கும். இதை நான் சொல்லக்கூடாது, ஆனால் மாணவர்கள் எழுதிக் கொடுத்த கருத்துகளில் இருக்கிறது. தேடினால் முதலில் வந்து நிற்பது நல்ல தகவல் என்று நினைக்காதீர்கள், காசு கொடுத்து முன்னால் நிற்கவைத்ததாகவும் இருக்கலாம் என்பேன். ஒரு பக்கத்தைத் திறந்தால் யார் எழுதியது, எப்போது எழுதியது, எழுதியவருக்கு அதில் என்ன லாபம் என்று மூன்றையும் கேளுங்கள் என்பேன். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"சார், நாலு வார்த்தைய மாத்திட்டா நம்ம எழுதுனதா ஆயிடாதா?"

"அடுத்தவன் சட்டைய எடுத்துப் பொத்தான மட்டும் மாத்திட்டா உன் சட்டை ஆயிடுமாப்பா?"

"அளவு சரியா இருந்துச்சுன்னா ஆயிடும் சார்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். முன்வரிசை மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் வந்து, "சார், இந்தச் சட்டை உதாரணத்த நான் வேற எங்கயாவது சொன்னா உங்க பேரப் போடணுமா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட பெண் அவள்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, "நீங்க பக்கத்து வீட்டு வைஃபைல படம் பாக்குறீங்களே, அதுக்கு அடில யாரு பேரப் போடுவீங்க?" என்றாள். அது வேறு விஷயம். அவர்களே பாஸ்வேர்டு கொடுத்தது. கொடுத்தது என் மனைவியிடம், மழையில் ஒரு தடவை அவசரத்துக்கு.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது என்றால், நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்ததில்தான். சில வருடங்களில் காப்பி அடிப்பது குறைந்துவிட்டது. அப்புறம் நின்றேவிட்டது. பதிவாளர் என்னைக் கூப்பிட்டார்.

"வருஷம் பூரா ஒரு கேஸ்கூட இல்லையேங்க. அப்புறம் எதுக்கு ஒரு ரூமு, ஒரு ஆளு, ஒரு மென்பொருளு?"

"கேஸ் இல்லேங்கிறதுதான் சார் நான் வேல செஞ்சதுக்கு அத்தாட்சி."

"அத எப்படிங்க நான் அறிக்கைல எழுதுவேன்? ஒண்ணும் நடக்கலேன்னா எழுத முடியும்? கேன்டீன்காரர் வேற அந்த ரூமக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் கேட்பார். நான் யோசித்தேன். என் அறை போய்விட்டால் மாணவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? கொஞ்ச நாளில் எல்லாரும் மறுபடி காப்பி அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது அவர்களைத் தண்டிக்க வேண்டியிருக்கும். அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வார்த்தை. ஒரு தாளை அதில் போட்டால் இணையத்தில் இருப்பதோடும், தன்னுடைய கிடங்கில் ஏற்கெனவே இருக்கிற தாள்களோடும் ஒப்பிட்டு, இவ்வளவு சதவீதம் ஒத்துப்போகிறது என்று சொல்லும். தாளைப் போடும்போது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். 'கிடங்கில் சேமி' என்று. மாணவன் முழுதாக எழுதி முடித்த ஆய்வேட்டுக்குத்தான் அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும். சும்மா பார்த்துச் சொல்லுங்கள் என்று கொண்டுவருகிற வரைவுக்குப் போடக்கூடாது. போட்டால், பிறகு அவன் தன் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது அவனுடைய வரைவே கிடங்கில் உட்கார்ந்திருக்கும். இது முன்பே வேறு ஒரு தாளில் இருக்கிறது என்று மென்பொருள் காட்டும். யாருடைய தாள் என்று காட்டாது. அதைத் திறந்து பார்க்கிற அனுமதி எனக்கு மட்டும்தான். நான் பார்த்து, இது அவருடைய வரைவுதான், பரவாயில்லை என்று ஒரு வரி எழுதினால் விஷயம் முடிந்துவிடும்.

முதல் தடவை கைத்தவறுதான். வெயிலோ மழையோ தொப்பியைக் கழற்றாத ஒரு பையன் வரைவு கொண்டுவந்தான். பேசிக்கொண்டே டிக் போட்டுவிட்டேன். சமர்ப்பித்தபோது ஏறக்குறைய முழுசும் காப்பி என்று வந்தது. அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் பதிவாளரிடமிருந்து போன்.

"புடிச்சிட்டீங்களாமே. பரவால்லைங்க, நீங்க சும்மா இல்ல. கேன்டீன்காரருக்கு நான் சொல்லிக்கிறேன்."

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. வைத்துவிட்டேன். அந்த வரியை எழுதவில்லை. அடுத்த வாரம் என் அறைக்கு இன்னொரு நாற்காலி வந்தது.

தொப்பிப் பையன் எதிர்த்துப் பேசவே இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "எங்கயோ படிச்சது மனசுல இருந்துருக்கும் போல சார்" என்றான். அவனே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டான். அவனுக்குப் படிப்பில் அரை வருடம் போயிற்று, அவ்வளவுதான். பதிவாளருக்கு அறிக்கை கிடைத்தது, துறைக்கு எச்சரிக்கை கிடைத்தது, மற்ற மாணவர்களுக்குப் பயம் கிடைத்தது. யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லாமல் இத்தனை நன்மை நான் என் உத்தியோகத்தில் அதற்கு முன் செய்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தது கைத்தவறு இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

நல்ல பிள்ளைகளாகப் பார்த்து மாட்டிவிட்டேன் என்று உங்களில் ஒருவர் கோபமாகச் சொன்னார். அது என் விருப்பம் இல்லை. காப்பி அடிக்கிறவன் வரைவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் எதற்கு வரப்போகிறான்? தப்பாக எதுவும் இருந்துவிடக்கூடாதே என்று பயப்படுகிறவர்கள்தான் வருவார்கள். வருகிறவர்களில்தானே நான் தேர்ந்தெடுக்க முடியும். அதிலும் வருடத்துக்கு நாலைந்து பேருக்கு மேல் நான் போனதில்லை. வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறவர்களை விட்டுவிடுவேன். உடம்பு சரியில்லாதவர்களை விட்டுவிடுவேன். தாள்களை நான் படிப்பதும் கிடையாது. படித்தால் பாரபட்சம் வந்துவிடும்.

முன்வரிசையை நான் ரொம்ப நாள் தொடவில்லை. துறையில் முதல் ரேங்க் அவள். ஒவ்வொரு அத்தியாயமாகக் கொண்டுவருவாள். பேருந்து ஓட்டுநர்களின் தூக்கத்தைப் பற்றிய ஆய்வு. அவளுடைய அப்பா பேருந்து ஓட்டுநர். டிப்போவில் போய் உட்கார்ந்து, ஓட்டுநர்கள் ஒவ்வொருவரிடமும் பேசி எழுதியது. போக்குவரத்து ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு ஒரு வேலையும் தயாராக இருந்தது. பட்டம் கையில் வந்ததும் சேர வேண்டியதுதான் பாக்கி. இதையெல்லாம் அவளே சொன்னாள். "முதல் சம்பளத்துல அப்பாவுக்கு நல்ல மெத்தை வாங்கணும் சார். ஆய்வுல நான் கண்டுபுடிச்ச ஒரே தீர்வு அதுதான்" என்று சிரிப்பாள்.

அந்த வருடம் பதிவாளர் ஒரு மாநாட்டில் பேசுவதாக இருந்தது. எங்கள் பிரிவைப் பற்றித்தான் பேச்சு. காரில் ஏறும்போது சொன்னார், "சும்மா சாதாரண ஸ்டூடன்ட்ஸா மாட்றாங்களேங்க. முதல் ரேங்க்கே மாட்டுச்சுன்னு வைங்க, அதுக்கு ஒரு வெயிட்டு இருக்கும். உங்க பிரிவ ஒரு மையமாவே ஆக்கிடலாம். நீங்க இயக்குநர்."

அவர் எதையும் செய்யச் சொல்லவில்லை. அது சத்தியம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியம் அவள் கடைசி அத்தியாயத்தோடு சேர்த்து முழுசையும் கொண்டுவந்தாள். "ஒரு தடவ மொத்தமா பாத்துடுங்க சார், எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள். பார்த்துத் தந்தேன். கட்டத்தில் டிக் போட்டேன். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அந்த நேரத்தில் அது உண்மையும்கூட.

சமர்ப்பித்தபோது தொண்ணூற்றேழு சதவீதம் வந்தது.

அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பணியிலிருந்து நேராக வந்திருக்கிறார் போல, சீருடையில் இருந்தார். இரண்டாவது நாற்காலியைக் காட்டினேன்.

"இருக்கட்டும் சார். நாள் பூரா உக்காந்தேதான பொழப்பு ஓடுது, கொஞ்சம் நிக்கிறேன்" என்றார். பிறகு, "சார், எம்பொண்ணு எங்க டிப்போவுக்கு வந்து, எங்க ஆளுங்ககூட உக்காந்து கேட்டுக் கேட்டுத்தான் எழுதுனா. நான் கண்ணால பாத்தேன்" என்றார்.

"நீங்க பாத்தது சரிங்க. ஆனா அதுக்கு முன்னாடியே இது இன்னொரு தாள்ல இருக்குதுன்னு மென்பொருள் சொல்லுது."

"மெஷினு தப்பா சொல்லாதுங்களா?"

"உங்க வண்டில டீசல் இல்லேன்னு முள்ளு காட்டுதுன்னு வைங்க. முள்ளு தப்புன்னு ஓட்டிக்கிட்டே போவீங்களா?"

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர். யோசித்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, தெரியாம எங்கயாவது பாத்து எழுதிட்டியா? இருந்தா சொல்லிடும்மா. சார் தங்கமானவரா தெரியறாரு."

"அப்பா, நீங்க சொன்னதத்தாம்ப்பா எழுதுனேன்."

"நான் சொன்னது என்னம்மா பெரிய விஷயம். எனக்கு முன்னாடியே யாராவது சொல்லிருப்பாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த இன்னொரு தாள் யாருடையது என்று மட்டும் என்னிடம் கேட்டாள். எழுதியவரின் தனியுரிமையைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை, பெயரைச் சொல்ல முடியாது என்றேன். அவள் தலையாட்டினாள். தனியுரிமையைப் பற்றி நான் வகுப்பில் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் தண்டனை குறையும் என்பது விதி. அவள் எழுதிக் கொண்டுவந்ததில் இப்படி இருந்தது: என் வார்த்தைகள் எனக்கு முன்னால் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தன என்று எனக்குப் புரியவில்லை, அவை யாருடையவையோ அவர் என்னை மன்னிக்க வேண்டும். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் மன்னிப்பு இருந்தது, ஒப்புதல் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் பிள்ளைகள் திண்டாடக்கூடாது என்றுதான் நானே ஒரு மாதிரிப் பத்தி எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து எழுதச் சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பட்டத்தை நிறுத்திவைத்தார்கள். தண்டனை குறைந்ததா என்றால், குறைத்த பிறகு அவ்வளவு.

ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இடத்துக்கு இரண்டாம் ரேங்க் பையனை எடுத்துக்கொண்டார்கள். முன்வரிசை இப்போது பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிறாள். இந்த வண்டி இந்த இடத்துக்கு இத்தனை மணிக்கு என்று யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற வேலை. அதில் அவள் மேல் யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒரு தடவை நான் அங்கே பேருந்துக்காக நின்றபோது அவள் குரலைக் கேட்டேன். உச்சரிப்பு சுத்தம்.

நான் இயக்குநர் ஆனேன். அறை அதேதான், கதவில் பலகை மட்டும் புதுசு.

இத்தோடு நின்றிருக்கும். அவளுடைய வழிகாட்டியாக இருந்த பேராசிரியை அம்மாதான் விடவில்லை. ஓய்வு பெறப்போகிறவர். என் வகுப்பு ஒன்றுக்கு வந்து முழுக்கத் தூங்கியவர். ஆனால் அந்தத் தாளைக் காட்டு, அந்தத் தாளைக் காட்டு என்று வாரம் தவறாமல் லிஃப்ட் பொத்தானை ஒரு தடவை அமுக்கிவிட்டு, அது வருவதற்குள் என் அறைக்குள் தலையை நீட்டுவார்.

"பேரு வேணாம்ங்க. எழுதுனது ஆணா பொண்ணா, அத மட்டும் சொல்லுங்க."

"அதுவும் தனியுரிமைதான்மா."

"உயிரோட இருக்காங்களா, செத்துட்டாங்களா?"

"அம்மா, எனக்கு வேல இருக்கு."

பிறகு ஒருநாள் மரியாதையாக வந்து உட்கார்ந்தார். ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருப்பதாகவும், ஒரு பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் மென்பொருளில் பார்த்துத் தர வேண்டும் என்றும் கேட்டார். தலைப்பு, 'முதுமையில் வீட்டு விலங்குகளின் மனநிலை: ஒரு கள ஆய்வு'. இந்த அம்மா ஓய்வு பெறுகிற நேரத்தில் ஒரு சின்னக் கறை விழுந்தால் முன்வரிசையை மறந்துவிட்டு வீட்டில் நிம்மதியாக இருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அவர் நன்மைக்காகத்தான் நினைத்தேன். டிக் போட்டேன். வழக்கம்போல் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் பதிவாளரையும் துறைத்தலைவரையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். என்னுடைய கணினியிலேயே அதைச் சமர்ப்பிக்கச் சொன்னார். நூறு சதவீதம் வந்தது. கையிலிருந்த தாளை எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தார். அவர் வீட்டுப் பூனையைப் பற்றியது. அதற்கு ஒரு கண் தெரியாது. அவர் போனில் பேசினால் அதற்குப் பிடிக்காது. மருமகனைக் கண்டால் மட்டும் செருப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"சொல்லுங்க இயக்குநரே. எங்க வீட்டுப் பூனையப் பத்தி எனக்கு முன்னாடி எழுதுன அந்தப் புண்ணியவான் யாரு?"

பதிவாளர் என்னைப் பார்த்தார். நான் தனியுரிமை என்று ஆரம்பித்தேன். "என் பூனையோட தனியுரிமையா?" என்றார் அம்மா. பதிவாளர் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு அப்புறம் அவரால் என்னைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னொரு மனிதனைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அப்படித்தான்.

வீட்டில் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். "அந்தப் பொண்ணோட அப்பா உங்கள தங்கமானவருன்னு சொன்னாருன்னீங்களே, அது எப்ப?" என்று கேட்டாள். டிக் போட்டதற்கு அப்புறம் என்றேன். அவள் எழுந்து போய் வைஃபை கம்பி என்று நினைத்து ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டாள். வைஃபை பக்கத்து வீட்டில் இருக்கிறது, இது டிவி கம்பி என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. இப்போது அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

நேற்று முன்வரிசையின் ஆய்வேட்டுப் பிரதியை நீங்கள் கொடுத்தீர்கள். முதல் தடவையாகப் படித்தேன். தூக்கம் வராமல் இருக்க ஒரு ஓட்டுநர் தொடையைக் கிள்ளிக்கொண்டே ஓட்டுவார் என்று ஒரு இடம் வருகிறது. வீட்டுக்குப் போனால் மகள் பார்த்துவிடக் கூடாது என்று முழு நீளக் கால்சட்டையிலேயே தூங்குவாராம். பெயர் போடவில்லை. பெயர் போடக்கூடாது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன், பேட்டி கொடுத்தவரின் தனியுரிமை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். அடிக்குறிப்புகளில் ஒரு தப்புகூட இல்லை. என் வகுப்பு வீண் போகவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி எனக்குத் தேவையில்லை.

நீங்கள் கேட்ட வரி இதுதான். கிடங்கில் இருந்த தாள் அவளுடையது. அதை அங்கே சேமித்தது நான். தெரிந்தேதான் சேமித்தேன். தொப்பிப் பையனைத் தவிர மற்ற எல்லாருக்கும் அப்படித்தான். தொப்பிப் பையனுக்கும், சொல்ல வேண்டிய ஒரு வரியைத் தெரிந்தேதான் சொல்லவில்லை. இதை வைத்து அவள் பட்டத்தைக் கொடுத்துவிடலாம் என்றால் கொடுத்துவிடுங்கள். ஆராய்ச்சி நிலையத்து வேலையை நான் திருப்பித் தர முடியாது, அது என் அதிகாரத்தில் இல்லை.

கடைசியாக, என் வாயால் ஒரு மன்னிப்பும் வேண்டும் என்றீர்கள். எழுதுகிறேன்.

நான் செய்தது தவறு என்பதை முழு மனதுடன் உணர்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி இதை ஒப்புக்கொள்கிறேன். என் செயலால் இந்தப் பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்கு நேர்ந்த களங்கத்துக்காக வெட்கப்படுகிறேன். இனி என் சொந்த உழைப்பை மட்டுமே நம்பி வாழ்வேன்.

இதையும் நீங்கள் மென்பொருளில் போட்டுப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நூறு சதவீதம் என்று வரும். பிள்ளைகள் என் மாதிரிப் பத்தியைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்ட மன்னிப்புகளையும் நான் கிடங்கில் சேமித்து வைத்திருக்கிறேன், அதனால் அவர்களிடமிருந்து எடுத்த மாதிரி காட்டும். தயவுசெய்து அந்த எண்ணை நம்பிவிடாதீர்கள். இது நானே உட்கார்ந்து எழுதியது. எனக்கு முன்னால் யாரும் எழுதவில்லை. தான் எழுதியதையே அடுத்தவருடையது என்று ஒரு மனிதன் மேல் பழி போடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று படித்தவர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.